கல்லும் மரமும் சாதிலிங்கச் சிவப்பும்: மலைநாட்டில் கலை பார்க்கப் போகிறவர்களுக்கு

கண்டியிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில், 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மூன்று கோயில்கள் நிற்கின்றன. கடலாதெனிய கல்லில் கட்டியது. லங்காதிலக செங்கல்லில் கட்டியது. எம்பக்கை தேவாலயம் மரச்செதுக்கலுக்குப் பேர்போனது. மூன்றும் கம்பளை இராசதானிக் காலத்தவை. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வயலோரமாக நடந்தே போய்விடலாம்.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுவது என் வேலை. வரலாற்றுப் பட்டமோ தொல்லியல் பயிற்சியோ என்னிடம் இல்லை. ஆனால் ஒரு லீவு கிடைத்தால் மனம் இந்தப் பக்கம்தான் ஓடும். பல வருடங்களாக இப்படிச் சுற்றியதில் பிடிபட்ட சில விஷயங்களை, என்னைப் போல ஆசை மட்டும் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன். நம் பிள்ளைகள் பாடசாலைச் சுற்றுலாவில் கண்டிக்குப் போகிறார்கள். தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, வாவிக்கரை எல்லாவற்றையும் ஒரே பகலில் முடித்துக்கொண்டு பஸ் திரும்பிவிடுகிறது. அதோடு அந்தக் கதவு மூடிவிடுகிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது எம்பக்கை. உள்ளே இருக்கும் தெய்வம் நம் கதிர்காமக் கந்தன்தான், அதனால் தயக்கமில்லாமல் நுழையலாம். முன்னால் உள்ள மேளக்காரர் மண்டபத்தைச் சிங்களத்தில் திக்கே என்பார்கள். பக்கமெல்லாம் திறந்த மண்டபம். அதன் மரத்தூண்களில்தான் அத்தனை செதுக்கல்களும் இருக்கின்றன. பூவேலை, கொடிவேலை எல்லாம் சேர்த்து 500க்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் காலத்து வேலை என்றும், தெல்மட மூலாச்சாரி என்ற சிற்பியின் கைவண்ணம் என்றும் மரபு.

அத்தனையையும் பார்க்கப் புறப்பட்டால் ஒன்றும் மனதில் நிற்காது. ஒரு தூணைத் தேர்ந்தெடுங்கள். தூணின் சதுரப் பகுதியில் நாலு பக்கமும் சட்டம் போட்டது போல ஒவ்வொரு உருவம் இருக்கும். அந்த ஒரு தூணை மட்டும் சுற்றி வாருங்கள். நான் பார்த்தவற்றில் மறக்க முடியாதது இரட்டைத்தலைப் பறவை, நம் கோயில்களில் கண்டபேருண்டம் என்று சொல்கிறோமே அதுதான். இரண்டு கழுத்தும் ஒரே உடலிலிருந்து பிரிந்து எதிரெதிரே வளைகின்றன. ஒவ்வொரு இறகையும் தனித்தனி வெட்டாக உளி எடுத்திருக்கிறது. இறகின் ஓரம் இன்னும் கூராக இருக்கிறது. சட்டத்தின் மூலைக்குள் வால் அடங்க வேண்டும் என்பதற்காகச் சிற்பி அதைக் கொஞ்சம் மடித்து உள்ளே திருப்பியிருக்கிறார். அந்தத் திருப்பத்தைக் கண்ட பிறகுதான் ஒரு மனிதன் இங்கே உட்கார்ந்து யோசித்து வேலை செய்திருக்கிறான் என்பது எனக்கு உறைத்தது. கழுத்தோடு கழுத்துப் பின்னிய அன்னங்கள், மல்லுக்கட்டும் இருவர், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய், கொடியிலிருந்து முளைத்து வரும் பெண் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். அவர்களை அடுத்த தடவைக்கு வையுங்கள்.

தூணை விட்டு நகர்வதற்கு முன் ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். மண்டபத்தின் முன்பக்கக் கூரையில், குடைக்கம்பிகள் உச்சியில் கூடுவதைப் போல, 26 கைமரங்கள் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அவ்வளவையும் ஒரே ஒரு பெரிய மர ஆப்பு பிடித்து நிற்கிறது. மடொல் குருபாவ என்பது அதன் பெயர். தூணைப் பார்க்க வருகிற கூட்டத்தில் பாதிப்பேர் இதைக் காணாமலே போகிறார்கள்.

மரச்செதுக்கலுக்கும் கல்வெட்டுக்கும் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். நேர் உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். காலை வேளையிலும் மாலை நாலு மணிக்குப் பிறகும் நிழல் சாய்வாக விழுந்து செதுக்கல் எழும்பி நிற்கும். சின்ன டோர்ச் ஒன்று கையில் இருந்தால், பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு, மரத்துக்கோ கல்லுக்கோ ஓரமாகப் பிடித்துப் பாருங்கள். முன்னாலிருந்து அடிக்காதீர்கள், பக்கத்திலிருந்து சாய்த்துப் பிடியுங்கள். தேய்ந்த கோடுகள்கூடத் தெரியும். சுவரோவியம் என்றால் அந்த டோர்ச்சைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

எம்பக்கையிலிருந்து லங்காதிலகவுக்குப் போகிற வழி வயலும் வீடுமாக இருக்கும். தூரத்திலேயே பாறைமேல் அந்த வெள்ளைக் கட்டடம் தெரிந்துவிடும். பாறையில் வெட்டிய படிகளில் ஏறிப் போக வேண்டும். 1344ஆம் ஆண்டு, நாலாம் புவனேகபாகு காலத்தில், சேனாலங்காதிகார என்ற அமைச்சர் கட்டுவித்தது. கட்டியவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஸ்தபதிராயர். நடுவில் புத்தர். வெளிச்சுற்றில் உபுல்வன், சமன், விபீஷணன், கணபதி, கந்தன் ஆகிய தெய்வங்களுக்குத் தனித்தனி மாடங்கள். முன்வாசலில் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் அந்தப் பிள்ளையாரைப் பார்க்காமலே போவார்கள். கட்டடத்தைச் சுற்றி வந்தால்தான் அவர் கிடைப்பார்.

அங்கே பாறையில் கல்வெட்டு இருக்கிறது. கோயில் கட்டிய செய்தியும் அதற்குக் கொடுத்த நிலங்களும் சிங்களத்திலும் எழுதப்பட்டிருக்கின்றன, தமிழிலும் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு சிங்கள அரசன் காலத்துப் பௌத்த விகாரையில், மலைநாட்டுப் பாறையில், தமிழில். இதை முதலில் புத்தகத்தில்தான் படித்தேன். நேரில் குனிந்து பார்த்தபோது மேலெல்லாம் சிலிர்த்தது. பழைய எழுத்து என்பதால் இன்றைய எழுத்தில் பழகிய கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் ஓரிரண்டு எழுத்து முகம் காட்டும். அதன்மேல் சோக்குப் பொடி தடவுவது, தண்ணீர் ஊற்றுவது, விரலால் தடவுவது எதுவும் கூடாது. அந்தக் கல் அறுநூறு எழுநூறு வருட மழையைத் தாங்கிவிட்டது. நம் கை படுவதைத் தாங்குமா என்பது வேறு விஷயம்.

கடலாதெனியவும் அதே 1344தான். தர்மகீர்த்தி தேரர் கட்டுவித்தது. கல்வெட்டில் உள்ள தலைமைச் சிற்பியின் பெயர் கணேஸ்வராச்சாரி. தமிழ்நாட்டுக் கோயில் எதையாவது பார்த்தவர்களுக்கு இது உடனே பழகிய இடமாகிவிடும். கல் தூண்கள், மண்டபம், அடிப்பகுதியில் வரிசையாக ஆடுகிறவர்களும் மேளம் அடிக்கிறவர்களும். மேலே போனால்தான் பௌத்தத் தூபி வடிவம் வருகிறது. அந்த ஆட்டக்காரர்களைப் பார்க்கக் குந்தியிருக்க வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் கண்ணில் படவே மாட்டார்கள்.

‘அது அவங்க இடம், நமக்கென்ன’ என்று நம் ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சை நான் ஏற்றுக்கொள்வதில்லை. கணேஸ்வராச்சாரியும் ஸ்தபதிராயரும் கட்டின கோயில்களுக்கு முன்னால் நிற்க எனக்கு யாரிடமும் அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. இதைச் சிங்களவருக்கும் தமிழருக்கும் பங்கு பிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்தக் காலத்து மனிதர்கள் கலந்து வேலை செய்ததற்கு இதைவிட உறுதியான சாட்சி வேறில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, போகும்போது கவனிக்க வேண்டியவை. மூன்று இடத்திலும் சப்பாத்து, செருப்பு கழற்ற வேண்டும். லங்காதிலகவும் கடலாதெனியவும் பாறைமேல் இருப்பதால் பதினொரு மணிக்கு மேல் சூட்டில் கால் வைக்க முடியாது. ஒரு சோடி மேசு கொண்டுபோங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பதை யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள், அது நியாயமும்தான். போயா என்ற பௌர்ணமி நாளில் போனால் பக்திக்கூட்டம் நிறைந்திருக்கும். அதைப் பார்ப்பதும் ஒரு சந்தோஷம்தான், ஆனால் கலை பார்க்க என்றால் சாதாரண வேலை நாளில் போங்கள். எம்பக்கை தேவாலயத்துக்குப் புதனும் சனியும் விசேஷ பூசை நாட்கள். மேளத்தோடு பார்க்க ஆசையென்றால் அந்த நாள் நல்லது, தூணை நிதானமாகப் பார்க்க ஆகாது. காலையில் எம்பக்கையில் தொடங்கி, லங்காதிலக பார்த்து, கடலாதெனியவில் முடித்தால் அங்கிருந்து கொழும்பு–கண்டி வீதிக்கு இறங்கிப் பிலிமத்தலாவைப் பக்கம் பஸ் பிடிக்கலாம்.

உள்கதவு பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள். சாவி எப்போதும் பக்கத்தில்தான் யாரிடமாவது இருக்கும். என் சிங்களம் கடைவீதிச் சிங்களம்தான். அதுவே போதும். பிக்குவுக்கு முதலில் வணக்கம் சொல்லிவிட்டு, எங்கிருந்து வருகிறேன், எதைப் பார்க்க வந்தேன் என்று சொல்வேன். பிறகு ஒரு கேள்வி கேட்பேன்: “இங்கே உங்களுக்குப் பிடித்தது எது?” இந்தக் கேள்வி திறக்காத கதவைத் திறந்திருக்கிறது. ஒரு விகாரையில் வயதான பொறுப்பாளர் ஒருவர் என்னை வாசலிலிருந்து பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய், கைப்பிடிச் சுவரில் ஒரு சின்ன யானையைக் காட்டினார். “சின்ன வயசில இதுமேல ஏறி விளையாடுவோம் தம்பி, இப்ப யாரையும் விட மாட்டேன்” என்று உடைந்த தமிழில் சொன்னார். எந்த வழிகாட்டி நூலிலும் அந்த யானை இல்லை.

ஓவியத்துக்கு வருகிறேன். தம்புள்ளை பெரிது, பிரசித்தமானது. 1991இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. ஐந்து குகை, முதல் குகையில் 14 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர். அங்கே பார்க்கிற ஓவியத்தில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் தீட்டியது. மதுரை நாயக்கர் வழி வந்தவன் அந்த மன்னன். பௌத்தக் கலைக்கு அவன் அளவு செய்தவர்கள் கண்டியில் குறைவு. ஆனால் கற்றுக்கொள்ள என்றால் தம்புள்ளையைவிடத் தெகல்தொருவவைச் சொல்வேன். கண்டிக்குப் பக்கத்திலேயே சின்னக் குகை விகாரை. அதே மன்னன் தொடங்கியது. ஓவியர்களில் முக்கியமானவர் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே. கூட்டம் குறைவு, சுவர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்.

சுவர் முழுக்கப் பட்டை பட்டையாகக் கதை. பின்னணி முழுதும் சாதிலிங்கம் என்ற தாதுப்பொடியின் சிவப்பு. உருவங்களுக்கு நடுவே கிடைத்த இடத்திலெல்லாம் சின்னச் சின்னப் பூக்கள். ஆழம் காட்டும் முயற்சியே கிடையாது. மரம், வீடு, மனிதர் எல்லோரும் ஒரே தளத்தில் நிற்கிறார்கள். அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை, படம் வரைவாள். நான் கதை எங்கே தொடங்குகிறது என்று தேடிக்கொண்டு நின்றபோது அவள்தான் சொன்னாள்.

“மாமா, இந்த வரிசையில எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நடக்கிறாங்க. கதை அந்தப் பக்கம்தான் போகுது போல.”

அதன் பிறகு சுவர் பேசத் தொடங்கியது. முகமும் காலும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால் பெரும்பாலும் வழி கிடைக்கிறது. நடுவே ஒரு மரமோ மண்டபமோ வந்தால் அடுத்த காட்சி. ஒரே ஆள் ஒரே பட்டையில் திரும்பத் திரும்ப வருவார், அது ஒரே மனிதனின் பயணம். புத்தரின் முற்பிறவிகளில் ஒன்றான வெஸ்ஸந்தர இளவரசன் கதைதான் அங்கே முக்கியமானது. நாட்டுக்கு மழை தரும் வெள்ளை யானையைத் தானம் கொடுக்கிறான். அதற்காக நாடு கடத்தப்படுகிறான். காட்டில் பிள்ளைகளையே தானம் கேட்டு ஒரு பிராமணன் வருகிறான். அரிச்சந்திரன் கதையை மயான காண்டம் வரை விடிய விடியப் பார்த்து வளர்ந்த தோட்டத்து மனிதருக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. பிள்ளைகளைக் கொடுக்கும் இடத்தில் என் அக்கா மகள் வெகுநேரம் நின்றாள்.

இப்படிப்பட்ட முற்பிறவிக் கதைகளான ஜாதகக் கதைகளில் ஒன்றையாவது முன்கூட்டியே படித்துவிட்டுப் போவது அதனால்தான் அவசியம். ஒரே ஒரு கதை போதும். வண்ணம் எப்படிச் செய்தார்கள் என்பதும் தெரிந்தால் பார்வை இன்னும் மாறும். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்குக் கொகட்டு மரத்துப் பால், வெள்ளைக்கு மக்குல் என்ற வெண்களி, கறுப்புக்கு விளக்குப் புகைக்கரி. இவற்றை ஒட்டவைக்க விளாம் பிசின். கோடு இழுக்க ஒரு வகைப் புல்லில் செய்த தூரிகை. இவ்வளவு குறைந்த வண்ணத்தோடு எவ்வளவு செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால், நீலமும் பச்சையும் ஏன் அரிதாக வருகின்றன என்பதும் விளங்கும். விதானத்தில், புத்தரின் தவத்தைக் கலைக்க வந்த மாரனின் படை இருக்கிறது. அதைப் பார்க்கக் கழுத்து வலிக்கும். யாரிடமாவது தூரநோக்கி இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எடுக்கலாம் என்றாலும் பிளாஷ் வேண்டாம்.

இந்தக் கண்டிக் கலையை முதலில் முறையாக எழுதிவைத்தவரும் தொல்லியல் படித்தவர் அல்லர். ஆனந்த குமாரசுவாமி, தந்தை வழியில் தமிழர், படிப்பால் நிலவியலாளர். கனிம ஆய்வுக்காக இந்த மலையெல்லாம் சுற்றியவர், கிராமத்துக் கைவினைஞர்களோடு பேசிப் பேசி 1908இல் இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். துறை வேறாக இருந்தாலும் கண்ணும் பொறுமையும் போதும் என்பதற்கு எனக்கு அவர்தான் துணிச்சல்.

கண்டி தேசிய நூதனசாலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தலதா மாளிகைக்குப் பக்கத்தில் இருக்கும் பல்லே வாசல என்ற பழைய அரண்மனைப் பகுதியில்தான் அது இருக்கிறது. அரசிகள் வாழ்ந்த கட்டடம். அதனால் பொருளைப் பார்ப்பதற்கு முன் முற்றத்தையும் தூண்களையும் பாருங்கள். திறந்திருக்கும் நாட்களைப் போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள், ஹட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ வந்து பூட்டிய கதவைப் பார்ப்பது பெரிய அலுப்பு. உள்ளே வாளுக்கும் நகைக்கும் முன்னால் எல்லோரும் நிற்பார்கள். நான் பாக்குவெட்டிகளுக்கு முன்னாலும் சுண்ணாம்புப் பெட்டிகளுக்கு முன்னாலும் நிற்பேன். இரும்புப் பாக்குவெட்டியின் பிடியில் பித்தளை இழைத்து, முனையை மிருக முகமாக வளைத்திருப்பார்கள். தினம் கையில் எடுத்து வெற்றிலை போடுகிற சாமானுக்கு இவ்வளவு அழகு. கண்ணாடியில் வெளிச்சம் அடித்தால் ஒரு பக்கமாக நகர்ந்து, உங்கள் நிழலையே கண்ணாடியில் விழவைத்துப் பாருங்கள், உள்ளே இருப்பது தெளிவாகும்.

கண்டி மன்னரின் சிம்மாசனம் அங்கே இருக்குமென்று தேடுகிறவர்களுக்கு: அது கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. 1815இல் கண்டி வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், 1934இல் திருப்பிக் கொடுத்தார்கள். 1765இல் ஒல்லாந்தர் கண்டியில் கொள்ளையடித்த பொருட்களில் ஆறு, லெவ்கே பீரங்கி உட்பட, 2023 டிசம்பரில்தான் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்தன. அவற்றுக்கும் கொழும்புக்குத்தான் போக வேண்டும். மலையிலிருந்து போனவை மலைக்கே ஒருநாள் வரவேண்டும் என்பது என் ஆசை.

நம் மக்களின் பொருட்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது. கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீகொக் தோட்டத்தில், தொழிலாளரின் வரிசை வீடான லயத்தையே தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக மாற்றியிருக்கிறார்கள். 2007இல் திறந்தது. ஹந்தானையில் உள்ள தேயிலை நூதனசாலையில் இயந்திரங்களையும் இலங்கையில் தேயிலைத் தோட்டம் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரின் சாமான்களையும் பார்க்கலாம், 1925இல் கட்டிய தொழிற்சாலைக் கட்டடம், போய்ப் பாருங்கள். ஆனால் தேயிலையைப் பறித்த கையின் கதை லயத்து நூதனசாலையில்தான். சமையல் சாமான், வேலைக் கருவி, இசைக்கருவி, பழைய தாள்கள். தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். எழுதிவைத்த வரலாறு எங்களுக்குக் குறைவு. ஒரு அம்மிக்கும் ஒரு கம்பளிக்கும் எங்களிடம் கல்வெட்டின் மதிப்பு உண்டு.

அங்கே போய்வந்த பிறகு எங்கள் வீட்டிலும் ஒரு வேலை தொடங்கினேன். அப்பாயி வைத்திருந்த பித்தளைச் செம்பு, தாத்தாவின் தப்பு மேளம், பழைய தோட்டத்துத் துண்டுச் சீட்டுகள் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து, யாருடையது, எங்கிருந்து வந்தது, என்னத்துக்குப் பயன்பட்டது என்று ஒரு கொப்பியில் எழுதுகிறேன். பெரியவர்களிடம் கேட்கும்போது பொருளை அவர்கள் கையிலேயே கொடுத்துக் கேளுங்கள். கையில் வாங்கினதும் பேச்சு தானாக வரும். பித்தளையைப் புளி போட்டுப் பளபளவென்று துலக்கிவிடாதீர்கள், தேய்ந்துபோன பெயரெழுத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அடுத்து அக்கா மகள் கேட்டிருப்பது நாலந்தா கெடிகே. பல்லவர் பாணிக் கல்கட்டடம், பௌத்தருக்கான இடம். மகாவலித் திட்டத்து நீர்த்தேக்கம் வந்தபோது 1970களில் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் திரும்பக் கட்டினார்கள். மாத்தளையிலிருந்து தம்புள்ளைப் பஸ்ஸில் ஏறி நாலந்தாவில் இறங்கி, பிரதான வீதியிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவு உள்ளே நடக்க வேண்டும். வழியில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் கோபுரத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம். இரண்டும் ஒரே நாளில் போதும், மாத்தளைப் பக்கத்துப் பாறை விகாரையான அலுவிகாரையை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறோம்.